கோடையில் பனி தேடும் ஓட்டக்காரர்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் அமராவதிபுதூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியை அடுத்த இந்தச் செம்மண் பூமியில் அக்கினி நட்சத்திர நாள்களில் வெப்பமானி 38, 39 டிகிரி செல்சியசைத் தொடுவது வழக்கம். 40-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. அந்த வெயில் சற்றுத் தணிந்து ஆனி, ஆடி பிறக்கும் வேளையில், உலகின் வேறு சில ஊர்களில் விளையாட்டு வீரர்கள் பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். பின்லாந்து, சுவீடன், ஜெர்மனி, நார்வே என்று போய் இறங்கி, அங்கே கோடை வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே, ஒரு நீண்ட கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைகிறார்கள். உள்ளே தரை முழுவதும் வெண்பனி. காற்றின் வெப்பநிலை சுழியத்துக்கு 4 டிகிரி கீழே. அந்தப் பனியின்மேல் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வை சொட்ட வெளியே வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்காருகிறார்கள்!

இது என்ன வேடிக்கை என்று கேட்கத் தோன்றும். வேடிக்கையன்று; இதற்குப் பின்னே நல்ல பௌதிகம் இருக்கிறது. கொஞ்சம் சரித்திரமும், நம் சென்னைப் பட்டணத்துத் தொடர்பும்கூட இருக்கின்றன.

பனிச்சறுக்கு என்றவுடன் மலையுச்சியிலிருந்து மின்னல் வேகத்தில் கீழே பாய்ந்து வருபவர்களே பலருக்கு நினைவுக்கு வருவார்கள். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று. நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டம் என்று வேறொரு வகை உண்டு. மேடும் பள்ளமும் சமவெளியும் கலந்த பாதையில் 10, 15, 50 கிலோமீட்டர் தூரம் தன் கால் பலத்தாலும் கை பலத்தாலுமே கடந்து செல்ல வேண்டும். காலில் நீண்ட, ஒடுங்கிய சறுக்குப் பலகைகள். கையில் இரண்டு ஊன்றுகோல்கள். கால், இடுப்பு, முதுகு, தோள், புயம் ஆகிய அத்தனை தசைகளும் ஒரே நேரத்தில் உழைக்கும் விளையாட்டுகள் மிகச் சிலவே. ஆகையால்தான் இதயமும் நுரையீரலும் எவ்வளவு பிராணவாயுவை உடலுக்கு ஊட்ட முடியும் என்று அளக்கும் சோதனைகளில் இந்த ஓட்டக்காரர்கள் எப்போதும் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, உடல் வலுவுக்குத்தான் பயிற்சி என்றால், கோடையில் தரையில் ஓடினால் போதாதா? ஓடுகிறார்கள். அதோடு, சிறு சக்கரங்கள் பொருத்திய பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு தார்ச்சாலையிலும் பழகுகிறார்கள். ஆனால் சக்கரப் பலகை கற்றுத் தராத ஒன்றைப் பனிதான் கற்றுத் தர முடியும். அது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, சறுக்குப் பலகையின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

வில் போன்ற பலகை

சறுக்குப் பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் நோக்கினால், அதன் இரு முனைகளும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுப்பகுதி மெல்ல மேலே வளைந்து நிற்பதைக் காணலாம். இரு கால்களிலும் எடையைப் பகிர்ந்து நிற்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது. முழு எடையையும் ஒரே காலில் இறக்கி அழுத்தினால் வில் தட்டையாகி, நடுப்பகுதி பனியைக் கவ்விக்கொள்ளும். அந்த நடுப்பகுதியில் பிசுபிசுப்பான ஒருவகை மெழுகைத் தடவியிருப்பார்கள். முனைகளில் தடவுவதோ வழுக்கும் மெழுகு. ஆக, ஒரே பலகை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது. மறுகணம் வழுக்கிச் செல்கிறது. உதைக்கும்போது பிடி, சறுக்கும்போது வழுக்கல்! இந்த இரண்டையும் மாற்றி மாற்றி இயக்குவது எந்திரமன்று; ஓட்டக்காரனின் எடை விழும் இடமும் நேரமும்தான்.

சக்கரப் பலகையில் இந்தச் சங்கடம் இல்லை. அதன் சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி பற்சக்கரத் தடை வைத்திருக்கிறார்கள். எப்படி உதைத்தாலும் பிடித்துக்கொள்ளும். சோம்பேறித்தனமாக, நேரம் தவறி உதைத்தாலும் மன்னித்துவிடும். பனி மன்னிக்காது, கால் பின்னால் நழுவும். கோடை முழுவதும் சக்கரத்திலேயே பழகியவர் கார்த்திகை மாதம் பனியில் இறங்கியதும் தம் கால் தம் பேச்சைக் கேட்காததை உணர்வார். அதனால்தான் இடையிடையே ஓரிரு வாரமேனும் உண்மைப் பனியில் கால் வைத்துவிட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். பனியின்மேல் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் இன்னொரு பாணியும் உண்டு. அதில் பிடிமெழுகு தேவையில்லை. எனினும் பலகை வழுக்கிச் செல்கையில் ஒற்றைக் காலில் சமநிலை காக்கும் வித்தை அங்கும் பனியில்தான் கைவரும்.

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. வழுக்கலைக் கூட்டுவதற்காக ஃபுளோரின் சேர்மங்கள் கலந்த மெழுகுகளைப் பல்லாண்டுகள் பயன்படுத்தி வந்தார்கள். அவை மண்ணிலும் நீரிலும் உயிரினங்களின் உடலிலும் அழியாமல் தங்கிவிடுபவை என்பது தெரியவந்தபின், சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து அவற்றைப் போட்டிகளில் முற்றிலும் தடை செய்துவிட்டது. நல்ல காரியம்.

பனி ஏன் வழுக்குகிறது?

பள்ளிப் பாடநூல்கள் பலவற்றில் நாம் படித்த விடை இது: பலகையின் அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது, அந்த நீர் எண்ணெய்போல் உதவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் நிற்கவில்லை. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 130 மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 2 மீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உள்ள ஒற்றைப் பலகைமேல் நின்றால், அவர் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பனித்துகள்கள் தொடும் இடம் பலகையின் பரப்பைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும் பள்ளம் நிரம்பாது.

உண்மைக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ளத் துணை இல்லை. ஆகவே உருகுநிலைக்குக் கீழேயும் மேல்படலம் சற்றுத் தளர்ந்து, இளகியே இருக்கிறது. இரண்டாவது, பலகை உரசுவதால் பிறக்கும் வெப்பம் அந்தப் படலத்தை மேலும் நனைக்கிறது. கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறதல்லவா, அதுவே இங்கும். வெப்பநிலை சுழியத்தை எட்டினால் நீர் மிகுந்து பலகையை உறிஞ்சிப் பிடிக்கும். மாறாக, கடுங்குளிரில் படலம் வற்றி, பனி ஆற்றுமணல்போல் கரகரக்கும். சுழியத்துக்குச் சில டிகிரி கீழே உள்ள நிலைதான் சுகமான வழுக்கல். கட்டடத்துக்குள் 4 டிகிரி கீழே வைத்திருப்பதன் இரகசியம் இப்போது புரிகிறதா? பனி உருகாமல் காக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும், மின்சாரச் செலவும் ஏறக்கூடாது.

பனிச்சுரங்கங்கள்

முன்பெல்லாம் கோடைப் பனிக்காக ஐரோப்பிய வீரர்கள் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளுக்கு ஏறிப் போனார்கள். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் பனியாறு அவற்றுள் பேர்பெற்றது. பனியாறுகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இன்னொரு வழி, பூமத்தியரேகையைத் தாண்டிச் செல்வது. நமக்கு ஆடி, ஆவணி என்றால் நியூசிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் நடுக்குளிர்காலம். செலவு மிகுதி.

மூன்றாவது வழியைப் பின்லாந்து நாட்டினர் கண்டார்கள். 1997-ல் வூகாட்டி என்ற ஊரில் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள பனிச்சுரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். நெடுந்தூர ஓட்டத்துக்கென்று அமைந்த முதல் சுரங்கம் அதுவே. சுவீடனின் டோர்ஸ்பியில் 2006-லும், ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில் 2009-லும் இத்தகையவை எழுந்தன. நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவை அடுத்த லோரன்ஸ்கூக்கில் 2020-ல் ஒரு பெரிய பனிக்கூடம் திறக்கப்பட்டது. பனிச்சறுக்கின் தாயகம் என்று சொல்லத்தக்க நார்வேயிலேயே பனிக்குக் கூரை போட வேண்டி வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு அறிமுகமான பனிக்கூடம் துபாயில் உள்ளது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் அதைப் பார்த்திருக்கலாம். பாலைவனத்தின் நடுவே, பெரிய அங்காடி ஒன்றின் பகுதியாக 2005-ல் திறக்கப்பட்டது. ஆனால் அது 400 மீட்டர் நீளச் சரிவு. மேலிருந்து கீழே சறுக்குவதற்கு. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு வேண்டியது நீளமான, மேடு பள்ளத்தோடு கூடிய பாதை. சென்னையில் வந்துள்ள உல்லாசப் பனிக்கூடங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே குழந்தைகள் பனியை வாரி எறிந்து விளையாடலாம், அவ்வளவே.

மண்பானையும் பனித்துப்பாக்கியும்

இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து அன்று. நீரை மிக நுண்ணிய திவலைகளாக்கிக் குளிர்ந்த காற்றில் பீய்ச்சுகிறார்கள். திவலை தரையை அடையுமுன் உறைந்துவிடுகிறது. இயற்கைப் பனி மேகத்தில் நிதானமாக, நீராவியிலிருந்து நேரே வளர்ந்து, ஆறு கைகள் விரித்த பூவாக இறங்கும். துப்பாக்கிப் பனியோ உறைந்த நீர்த்துளி, கிட்டத்தட்ட உருண்டை. புதிதாக விழுந்த இயற்கைப் பனி ஒரு கனமீட்டர் 100 கிலோவுக்கு மேல் தேறுவது அரிது. துப்பாக்கிப் பனி 400, 500 கிலோ இருக்கும். அழகில்லை, ஆனால் உழைக்கும்.

வெட்டவெளியில் இப்படிப் பனி செய்வதற்குக் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். இதை விளக்க நம் வீட்டு மண்பானையைவிட நல்ல கருவி கிடையாது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிடமிருந்தே வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் பானைநீர் நன்றாகக் குளிரும்; மழைக்கால ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் இதே முறையில் காற்றைவிடக் குறைந்த வெப்பநிலை காட்டும். பனித்துப்பாக்கி இயக்குபவர் பார்ப்பது இந்த ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான். அது சுழியத்துக்கு இரண்டு டிகிரியாவது கீழே இருந்தால்தான் திவலை உறையும். காற்று மிகவும் உலர்ந்திருந்தால் வெப்பநிலை சுழியத்தைச் சற்றுத் தாண்டியிருக்கையிலும் பனி செய்துவிடலாம் என்பது ஒரு விந்தை.

ஒருமுறை விரித்த பனி மாதக்கணக்கில் கிடக்கும்போது அதற்கும் வயதாகிறது. சிறு துகள்கள் ஆவியாகிக் கரைய, பெரியவை மேலும் பருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படுகின்றன. மெழுகும் தூசியும் சேர்ந்து நிறம் மங்குகிறது. இயந்திரத்தை ஓட்டித் தினமும் கீறி, புரட்டி, மட்டம் செய்து, மேலே கொஞ்சம் புதுப்பனி தூவுகிறார்கள்.

அமராவதிபுதூரில் ஒரு பனிச்சுரங்கம்?

கற்பனைதான், கணக்குக்காகக் கட்டிப் பார்ப்போம். நீளம் 1 கிலோமீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் 4 மீட்டர். இரு சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 24,000 சதுரமீட்டர். நல்ல வெப்பத்தடைப் பலகைகளால் கட்டினால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுரமீட்டருக்கு 0.2 வாட் வீதம் வெப்பம் கசியும் என்று கொள்வோம். வெளியே 38, உள்ளே சுழியத்துக்குக் கீழ் 4. வேறுபாடு 42 டிகிரி. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 200 கிலோவாட்! வெளியே 17 டிகிரி மட்டுமே உள்ள வடநாட்டுக் கோடையில் இதே கட்டடத்தில் 100 கிலோவாட் கசியும்.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியாததன்று. கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்கும் வளவு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் வெயிலை வாசலிலேயே நிறுத்துவதற்கான உபாயங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கனத்த சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி, இரவில் வெளியே விட்டுவிடுகிறது; வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. பனிச்சுரங்கத்தின் சுவருக்கு அப்படிப் பொழுது சாய்ந்தும் ஓய்வில்லை. இரவிலும் வெளியே 27, 28 டிகிரி. அங்கே வேண்டியது கனமன்று. காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்பிடித்து வைக்கும் நுரைப்பொருள்.

வெப்பத்தை வெளியேற்றும் குளிர்பதனப் பொறிக்கும் வெளிவெயில் தொல்லை தரும். தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு நீர் இறைப்பதுபோல் அது வெப்பத்தை இறைக்கிறது. கிணறு ஆழமானால் இறைக்கும் உழைப்பும் கூடுமல்லவா? கசிவு இரு மடங்கு. ஒவ்வொரு பங்கையும் இறைப்பதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் உழைப்பு. ஆக அமராவதிபுதூர்ச் சுரங்கத்தின் மின்சாரச் செலவு பின்லாந்தைப்போல் மூன்று மடங்கு ஆகும். இத்தோடு விடவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர்க் காற்று உள்ளே புகும். அதில் கனமீட்டருக்கு 20 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். உள்ளேயுள்ள குளிர்காற்று தாங்கக்கூடியது நான்கு கிராமுக்கும் குறைவு. மீதி பனிப்படலமாகப் படியும். படியும் ஒவ்வொரு கிராமும் சுமார் 680 கலோரி வெப்பத்தை உள்ளே விட்டுச்செல்லும்.

உள்ளே ஓடுபவர்களும் அடுப்புகள்தாம். சாதாரணப் பயிற்சி வேகத்தில் ஓட்டக்காரர் ஒருவர் நிமிடத்துக்கு 3 லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுவார். லிட்டருக்கு 5 கிலோகலோரி வீதம் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 1 கிலோவாட். ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டிக்குச் சமம். நூறு பேர் ஓடினால் 100 கிலோவாட். வடநாட்டுச் சுரங்கத்தின் சுவர்க்கசிவு முழுவதற்கும் இது ஈடாகிறது! அந்த வெப்பம் எல்லாம், உருகுநிலையில் உள்ள பனிமேல் விழுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு டன்னுக்கு மேல் உருகிவிடும்.

இந்த 'டன்' என்ற சொல்லை எடுத்ததும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. வீட்டுக் குளிரூட்டியை 'ஒன்றரை டன்' என்கிறோமே, எதன் எடை அது? பெட்டியின் எடையன்று. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி, 3.5 கிலோவாட். குளிர்பதனப் பொறி வருவதற்கு முன்னே குளிர்ச்சியைப் பனிக்கட்டியாக எடைபோட்டு விற்ற காலத்தின் எச்சம் அந்தச் சொல்.

மரத்தூள் செய்த மாயம்

அந்த வியாபாரம் நம் கடற்கரைக்கும் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்தெடுத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, பூமத்தியரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தது. இறக்கியபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. நீராவிப் பொறியும் இல்லை, அமோனியாவும் இல்லை, மரத்தூளும் மரப்பலகையும்தான். சென்னையில் 1842-ல் பனிக்கட்டிக்கென்றே கடற்கரையில் ஒரு கிடங்கு எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்று பேர்பெற்ற அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். உள்நாட்டிலேயே பொறிகளால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்தக் கப்பல் வியாபாரம் ஓய்ந்தது.

80 டன் உருகியதே என்று எண்ணாதீர்கள். 100 டன் உருகாமல் இருந்ததே என்று வியக்க வேண்டும். சுழியத்தில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டும் 80 கலோரி தேவை. அதே வெப்பம் ஒரு கிராம் நீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடும். மேலும், குவியல் பெரிதாகப் பெரிதாக அதன் பருமனை ஒப்பிடுகையில் மேற்பரப்பு குறைகிறது. ஒரு மீட்டர் கனசதுரத்துக்குக் கனமீட்டருக்கு 6 சதுரமீட்டர் மேற்பரப்பு. பத்து மீட்டர் கனசதுரத்துக்கு 0.6 மட்டுமே. வெப்பம் புகும் வாசல் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

டியூடரின் உபாயம் மடிந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் 2008 முதல், குளிர்காலத்துப் பனியை மலைபோல் குவித்து, மேலே சுமார் 40 சென்டிமீட்டர் மரத்தூள் பரப்பிக் கோடை முழுவதும் காக்கிறார்கள். நான்கில் மூன்று பங்கு அளவுக்குத் தேறுகிறது. அக்டோபரில் அதை எடுத்து ஓட்டப்பாதையில் விரிக்கிறார்கள். மரத்தூள் வெப்பத்தைத் தடுப்பதோடு நிற்காமல், கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஆவியாக விட்டு, தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. மறுபடியும் மண்பானைதான்! மின்சாரமே இல்லாத இந்த முறை எனக்குப் பனிச்சுரங்கத்தைவிட மிகவும் பிடித்திருக்கிறது.

நம் வீரர்கள்

இந்தியாவில் பனிச்சறுக்கு என்றால் காஷ்மீரத்தின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி. பனிக்காலம் சனவரியிலிருந்து மார்ச் வரை. அதுவும் இப்போது நிச்சயமில்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பகுதி, பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நெடுந்தூர ஓட்டத்தில் குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்ற தாஷி லுண்டுப் (2010), நதீம் இக்பால் (2014), ஜகதீஷ் சிங் (2018) ஆகியோர் இந்தக் குறுகிய பருவத்தைக்கொண்டே ஆண்டில் பல மாதம் பனியில் வாழும் நாட்டினருடன் போட்டியிட்டார்கள். பட்டியலில் பின்தங்கினார்கள் என்று எழுதிவிடுவது எளிது. பனியில் கழித்த நாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

தென்னாட்டிலிருந்தும் ஒருவர் புறப்பட்டிருக்கிறார். பனியே விழாத குடகு மலையைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025-ல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். வட கோளத்தில் பனி இல்லாதபோது தென் கோளத்துக்குப் போய்ப் பனியைப் பிடிப்பது என்ற வழிதான் அது. விமானக் கட்டணம், தங்கும் செலவு, பலகை, மெழுகு, பயிற்சியாளர் என்று செலவு நீளுகிறது. இவற்றுள் பெரும்பகுதியை நம் வீரர்கள் நன்கொடை கேட்டும் கடன் வாங்கியும் சமாளிக்க நேர்வது சரியன்று என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக நம் நாட்டிலும் ஒரு பனிச்சுரங்கம் கட்டலாம் என்று யாராவது திட்டம் தீட்டினால், மேலே போட்ட கணக்கை அவரிடம் காட்டுங்கள். கட்டுவதானால் இமயமலை அடிவாரத்தில், காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் உள்ள இடத்தில் கட்ட வேண்டும். அதற்கு முன் நல்ல சக்கரப் பலகைப் பாதைகள் போடலாம். மரத்தூள் முறையைக் குல்மார்க்கில் முயன்று பார்க்கலாம்.

அங்கே பயிற்சிக்குச் செல்பவர் உடலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கேட்டுச் செல்ல வேண்டும். கடும் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறார்கள். அந்த உலர்ந்த குளிர்காற்றை 37 டிகிரிக்குச் சூடேற்றி ஈரமாக்கும் வேலை மூச்சுக்குழாய்களுக்கு. ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்வதால், நெடுந்தூரச் சறுக்கு ஓட்டக்காரரிடையே ஆஸ்துமா போன்ற மூச்சிறுக்கம் மற்றவர்களைவிட மிகுதி. வெளியே 25 டிகிரி வெயிலிலிருந்து உள்ளே உறைகுளிருக்கு நேரே பாய்ந்து ஓடாமல், மெல்ல உடலைச் சூடேற்றிக்கொண்டு தொடங்க வேண்டும். கனமான ஒற்றைக் கம்பளிக்குப் பதில் மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அணிய வேண்டும். வியர்வையில் நனைந்த உடையோடு குளிரில் நின்று கதை பேசக் கூடாது.

டியூடரின் வித்தையை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐஸ் கம்பெனியிலோ மீன்கடையிலோ ஒரே அளவான மூன்று பனிக்கட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும்படி, வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தட்டில் வெறுமனே வையுங்கள். இரண்டாவதை ஒரு கூடையில் நெல் உமி நிரப்பி, நான்கு பக்கமும் ஒரு சாண் உமி இருக்கும்படி நடுவில் புதையுங்கள். உமி, மரத்தூள் எது கிடைத்தாலும் சரி. மூன்றாவதைக் கம்பளியில் சுற்றுங்கள். கம்பளி சுற்றியது சீக்கிரம் உருகிவிடும் என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள், பந்தயம் கட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் அடியிலும் நீர் வடிய வழி செய்யுங்கள், ஏனெனில் தேங்கிய நீர் வெப்பத்தை விரைந்து கடத்தும். மணிக்கு ஒருமுறை எடுத்து நீரைத் துடைத்து எடைபோட்டுக் குறித்து வாருங்கள். மறுநாள் ஈர உமியோடும் உலர்ந்த உமியோடும் தனித்தனியே செய்து ஒப்பிடுங்கள். கூடை காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். எறும்பும் குழந்தைகளும் எட்டாத இடமாக இருந்தால் நல்லது.